பெயர்ப் பட்டியலில் விடுபட்ட மூத்த மகள்



வேலூர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை மதுரையிலும் சமயநல்லூர்ப் பக்கத்துச் சபைகளிலும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவருக்கு மரியா என்று ஓர் அத்தை இருந்தது அநேகருக்குத் தெரியாது. ஐடா பிறந்தது 1870-ல். அந்த அத்தையோ 1819-லேயே, சிறு குழந்தையாக இருக்கும்போதே மரித்துப்போனாள்.

ஸ்கடர் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊழியத்துக்கு வந்த ஏழு குமாரரையே வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசை 1822-ல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்த ஹென்றி மார்ட்டினில் தொடங்கும். அவருக்கு முன் பிறந்தவளைத் தேட வேண்டுமானால் பெற்றோரின் பயணத்துக்குப் போக வேண்டும். நியூயார்க்கில் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு, டாக்டர் ஜான் ஸ்கடர் தம் மனைவி ஹாரியெட்டுடன் 1819 ஜூனில் பாஸ்டனில் 'இண்டஸ்' கப்பல் ஏறினார். தாயின் கையில் மரியா இருந்தாள். அதே கப்பலில் வந்தவர்தான் பிற்பாடு பெரிய தமிழ் அகராதியை வெளியிட்ட வின்ஸ்லோ ஐயர். 1834-ல் மதுரைக்கு வந்து நம் மிஷனுக்கு வழி பார்த்த ஸ்பால்டிங் ஐயரும் கூட வந்தார்.

சுமார் நான்கு மாதக் கடற்பயணத்தைக் குழந்தை தாங்கிக்கொண்டாள். அக்டோபரில் கல்கத்தாவில் கரை இறங்கிய சில நாட்களுக்குள் வியாதிப்பட்டு இறந்தாள். தகப்பனார் கைதேர்ந்த வைத்தியர்தான். ஆனால் கிருமிகளைப் பற்றியோ, உப்புச்சர்க்கரைக் கரைசலைப் பற்றியோ அக்காலத்து வைத்தியம் ஒன்றும் அறியாது. பிள்ளையைக் கல்கத்தா மண்ணில் வைத்துவிட்டு, அந்தத் தம்பதி டிசம்பரில் இலங்கை சேர்ந்தார்கள்.

இதைத் தியாகம் என்று பிரசங்கிப்பது எளிது. பெற்றோர் தெரிந்துகொண்டு வந்தார்கள். மரியாவை யாரும் கேட்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லுவதே நியாயம் என்று நினைக்கிறோம்.

குடும்பத்தார் அவளை மறக்கவில்லை. டாக்டர் ஜானின் ஜீவிய சரித்திரத்தை 1870-ல் வெளியிட்ட ஜே. பி. வாட்டர்பரி ஐயர், ஹாரியெட் அம்மாளின் சகோதரர், அதாவது மரியாவின் தாய்மாமன்.

டாக்டர் ஜான் 1847 முதல் 1849 வரை மதுரையில் வைத்தியம் செய்தார். ஹாரியெட் அம்மாள் 1849-ல் சென்னையில் மரித்தார். அவருடைய முதற்பிள்ளை கல்கத்தாவில் அடக்கமாகி அப்போது முப்பது வருஷமாயிருந்தது.