புயலுக்கு முன் எழுத வேண்டிய கணக்கு

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனை அறியாதார் இலர். ஆயினும், ஐப்பசி மழை வாயிலில் வந்து நிற்கும்போதுதான் அது நம் நினைவுக்கு வருகிறது.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. சில வாரங்களுக்குப் பின், காவிரிப் படுகையில் உள்ள நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். முதிய அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் இரண்டு குழித்தறிகள். இரண்டு குழிகளிலும் நீர் நிரம்பியிருந்தது. பாவு ஊறிக் கிடந்தது. அச்சும் விழுதும் பயனற்றுப் போயின.

பெரியவரின் தறிக்கு உதவி கிடைத்தது. மற்றொரு தறியில் எட்டாண்டுகளாக நெய்து வந்தவர் அவருடைய மருமகள். அவர் பெயர் சங்கப் பதிவேட்டில் இல்லை; நெசவாளர் அடையாள அட்டையும் இல்லை. உதவியோ தறிக்கு இவ்வளவு என்பதன்று, நெசவாளர் ஒருவருக்கு இவ்வளவு என்பதே. ஆகவே அவர் விடுபட்டார். "ஐயா, தண்ணீர் என் தறியை மட்டும் விட்டுவைத்ததா?" என்று அவர் கேட்டார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் அதே பதிவேட்டைப் பரிசீலித்துக் கையொப்பமிட்டவர் நாமே. கூட்டலைச் சரிபார்த்தோம், இரண்டாவது தறியில் அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்டோமில்லை.

அரசு அளிப்பது நிவாரணமேயன்றி நஷ்ட ஈடு அன்று என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். 2022 முதல் 2026 வரையிலான காலத்திற்கு மத்திய அரசு வகுத்த நெறிகளைப் பாருங்கள். சேதமுற்ற கருவிகளுக்காகக் கைத்தறி நெசவாளர் ஒருவருக்கு ரூ. 5,000, நூல், நெய்துகொண்டிருக்கும் துணி, முடிந்த சரக்கு ஆகியவற்றின் இழப்புக்கு ரூ. 5,000. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பின், எக்டேர் ஒன்றுக்கு மானாவாரி நிலத்திற்கு ரூ. 8,500, பாசன நிலத்திற்கு ரூ. 17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ. 22,500. அதுவும் இரண்டு எக்டேர் வரைதான். ஒரு எக்டேர் தென்னையை இழந்தவருக்கு இத்தொகை எத்தனை நாள் காணும்? நட்ட கன்று பலன் தர ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே!

ஆதலின் இழப்பைக் குறைப்பதே அறிவுடைமை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரண நிதியோடு தணிப்பு நிதிக்கும் இடம் வகுத்தது. 2021-26 காலத்திற்குப் பதினைந்தாவது நிதிக்குழு, மாநிலங்களின் பேரிடர் நிதியில் 80 சதவீதத்தை நிவாரணம், மறுசீரமைப்பு முதலியவற்றிற்கும், 20 சதவீதத்தைத் தணிப்புக்கும் ஒதுக்கிற்று. துன்பம் வந்தபின் கொடுப்பது மட்டும் போதாது, வருமுன் காக்கவும் பணம் வேண்டும் என்பது இதன் கருத்து. வடிகால் தூர்வாருதல், கரை உயர்த்துதல் போன்ற பொதுப் பணிகள் நம் ஊருக்கு வேண்டுமெனில், சங்கம் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட நிர்வாகத்திற்கு உரிய காலத்தில் விண்ணப்பித்தல் நலம்.

அரசின் கையை எதிர்பாராமல் நாமே செய்யத்தக்கவையும் உள. நெசவாளர்கள் தறிக்குழிக்குள் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசலாம். வாயிற்படியை ஒரு சாண் உயர்த்தலாம். நூலையும் பாவையும் பரண்மேல் வைக்கலாம். சங்க நூல் நனைந்தால் அது அங்கத்தினர் கணக்கில் கடனாக நிற்கும் என்பதை மறவாதீர்கள். விவசாயிகள் தோப்பின் காற்று வரும் திசையில் சவுக்கு வரிசை அமைக்கலாம். குத்தகைதாரர் தம் சாகுபடி அடங்கலில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாராக. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிருக்கு விவசாயி செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவத்திற்கு 2 சதவீதம், ராபிப் பருவத்திற்கு 1.5 சதவீதம் என வகுக்கப்பட்டது. இறுதி நாள் கடந்தபின் வருந்திப் பயனில்லை.

நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். மழைக்கு முன் ஒரு நாள் வீடுவீடாகச் சென்று, எத்தனை தறி, ஒவ்வொன்றிலும் நெய்பவர் யார் என எழுதுங்கள். தறியையும் நெய்பவரையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பெண்களை அங்கத்தினர்களாகச் சேர்த்து, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். பதிவேடுகளின் பிரதியொன்றை நீர் எட்டாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அம்மருமகள் பின்னர் அங்கத்தினரானார். அடுத்த பரிசீலனையில் அவர் பெயரைப் பதிவேட்டில் கண்டு மகிழ்ந்தோம். உடன் வெட்கமும் உற்றோம். புயலுக்குப் பின் எழுதப்பட்ட பெயர் அது. உங்கள் சங்கத்தில் அத்தகைய பெயர்களை இம்மழைக்கு முன்பே எழுதிவிடுங்கள்.