மின்சார ரெயிலில் ஒரு படிப்புப் பந்தயம்

மும்பையில் நண்பர்கள் நாங்கள் ஏழு பேர். ஆளுக்கொரு ஷிப்டு, சந்திக்க நேரமில்லை. அதனால் 'வாட்ஸ்-அப்'பில் ஒரு பந்தயம்! பிழைப்புக்காக ஊரை விட்டவர்களின் நாவல், மாதம் ஒன்று படிக்க வேண்டும்.

முதலில் நாஞ்சில் நாடனின் 'மிதவை' (1986). வேலை தேடி பம்பாய் வந்த பட்டதாரியின் கதை. தாதரில் ஏறி டோம்பிவிலியில் இறங்குவதற்குள் பத்துப் பக்கம் ஓடும், உட்கார இடம் கிடைத்தால்! அடுத்து ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). மேடான், பினாங்கு என அலையும் கதை. இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

இங்கேயே பிறந்த ஒருவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவருக்காக முறை வைத்து, தினம் ஐந்து பக்கம் வாய்விட்டுப் படித்து அனுப்புகிறோம். போன வாரம் அவரே ஒரு பத்தியை எழுத்துக்கூட்டிப் படித்து அனுப்பினார். 'ழ'தான் இன்னும் இடறுகிறது.