டிரிஸ்டன் டா கூனா தீவின் உருளைக்கிழங்குச் சாகுபடி

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில், செயிண்ட் ஹெலினாவுக்குத் தெற்கே சுமார் 1,500 மைல் தூரத்தில் டிரிஸ்டன் டா கூனா என்னும் எரிமலைத் தீவு உளது. அதன் விஸ்தீரணம் சுமார் 38 சதுர மைல். பெரும்பகுதி மலையாதலின் பயிரிடத் தக்க சமபூமி மிகச் சொற்பம்.

1816-ல் இறங்கிய பிரிட்டிஷ் காவற்படை மறுவருஷம் திரும்பியபொழுது, வில்லியம் கிளாஸ் என்னும் கார்ப்பொரல் குடும்பத்துடன் அங்கேயே தங்கினார். அவரும் துணைவரும் யாவர்க்கும் சமபங்கென்று 1817-ல் உடன்படிக்கை செய்துகொண்டனர். இன்றும் நிலம் ஊர்ப்பொது. மேய்ச்சல் கெடாதிருக்கும்பொருட்டு ஒவ்வொரு குடும்பத்தின் கால்நடைக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு.

கிராமத்துக்கு மேற்கே கிழங்குத் தோட்டங்கள் உள. கடுங்காற்றுக்கு அணையாகக் கற்சுவர்கள் எழுப்பியுள்ளனர். 1946-ல் தயாரித்த தபால்தலை மாதிரியொன்றில் ஒரு பென்னிக்கு நான்கு கிழங்கென விலை குறித்திருந்தமையால், அப்பயிரின் மதிப்பு விளங்கும்.

1961 அக்டோபரில் கிராமத்தருகே எரிமலை வெடித்தது. ஜனங்கள் அனைவரும் இங்கிலாந்து சேர்ந்தனர். நண்டுவகை இறால் பதனிடும் ஆலையை எரிகுழம்பு அழித்தது. வீடுகளோ பெரும்பாலும் தப்பின. நகரவாழ்வு கிடைத்திருந்தும், 1963-ல் பெரும்பாலோர் தம் நிலத்துக்கே மீண்டு மறுபடி கிழங்கு நட்டனர்.

பொதுநிலத்தை வரம்புடன் அனுபவித்தால் சிறு பூமியும் தலைமுறை தலைமுறையாகச் சோறிடும் என்பதற்கு இத்தீவே சான்றாகும். மேய்ச்சற் புறம்போக்குள்ள கிராமத்தார் இதனைக் கருத்திற் கொள்வாராக.