சக்கரத்தைத் திருப்பிய எலி

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவையும் தொடங்கியது. அதிலிருந்து மலையேற்றப் பேச்சு வீடுகளுக்குள் வந்துவிட்டது. கூடவே தனியார் முகாம்களின் துண்டறிக்கைகளும் வருகின்றன. பிளஸ் டூ முடித்த மகனை அப்படியொரு முகாமுக்கு அனுப்பலாமா என்று கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். “குளிர், பசி, அட்டைக்கடி: ஐந்தே நாளில் இரும்பு மனம்” என்கிறதாம் துண்டறிக்கை. கஷ்டப்பட்டால் மனம் உறுதிப்படும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்பது அவருடைய கேள்வி.

ஆதாரம் உண்டு. ஆனால் துண்டறிக்கை சொல்லும் காரணம் தவறு.

முதலில் குப்பையை ஒதுக்கிவிடுவோம். ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தால் டோபமைன் 250 சதவீதம் கூடும், மனம் வலுப்படும் என்று சமூக ஊடகங்களில் ஒரு கணக்கு ஓடுகிறது. 2000-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைதான் அதன் மூலம். இளைஞர்கள் சிலரை 14 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, இரத்தத்தில் அளந்த எண் அது. இரத்தத்தில் ஓடும் டோபமைன் மூளைக்குள் நுழைய முடியாது. அதைத் தடுக்கத்தான் இரத்த–மூளைத் தடுப்பு இருக்கிறது. அந்த ஆய்வு மன உறுதியை அளக்கவும் இல்லை. அந்த எண்ணைக் காட்டித் தொட்டி விற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

வரலாறு சுருக்கமாகப் போதும். நாஜிகளை எதிர்த்ததால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய கல்வியாளர் குர்ட் ஹான், கப்பல் அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் உள்ள அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினார். கடலும் மலையும் இளைஞர்களுக்கு மன உரம் தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்றைய சாகச முகாம்கள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. எப்படித் தரும் என்பதற்கு ஹானிடம் விடை இல்லை. விடை வந்தது எலிகளிடமிருந்து.

1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைக் கொண்டு செய்த சோதனை உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். தப்ப வழியில்லாத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பிறகு வழி இருந்தபோதும் எழுந்து போகாமல் படுத்துவிட்டன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று இருவரும் முடிவு கட்டினார்கள். மேயருக்கு அது போதவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் எலிகளின் மூளைக்குள் அதைத் தேடிப் போனார்.

அவருடைய எலிச் சோதனையின் அமைப்பு அவ்வளவு எளியது, அவ்வளவு கூர்மையானது. இரண்டு பெட்டிகளில் இரண்டு எலிகள். இரண்டின் வாலுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஷாக். இரண்டின் முன்னாலும் ஒரு சிறு சக்கரம். முதல் எலி சக்கரத்தைத் திருப்பினால் ஷாக் நிற்கும், இரண்டுக்குமே. இரண்டாவது எலியின் சக்கரம் எதனுடனும் இணைக்கப்படவில்லை. ஆக, இருவர் பட்ட வலியும் ஒரு நொடி கூடக் குறையாமல் சமம். மறுநாள் வேறொரு பெட்டியில், வேறொரு தொல்லையிலிருந்து தப்ப வாய்ப்பு கொடுத்தபோது முதல் எலி ஓடித் தப்பியது. இரண்டாவது எலி ஒடுங்கிக் கிடந்தது. பட்ட கஷ்டம் ஒன்றேதான், விளைவோ தலைகீழ்.

ஏன் இப்படி? மொட்டைமாடித் தொட்டி நடுராத்திரியில் நிரம்பி வழிகிறது என்று வையுங்கள். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில், உரிமையாளரிடம். மாடியில் குடியிருப்பவருக்குச் சுவிட்ச் இல்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் இருவருக்கும் ஒன்றுதான். கீழே அணைத்தால் மேலேயும் அதே நொடியில் நிற்கும். ஆனாலும் இருவரின் ராத்திரியும் ஒன்றல்ல. இரண்டு வீட்டிலும் சத்தம் கேட்டதும் அலறும் குழந்தை ஒன்று உண்டு. மூளைத்தண்டில் உள்ள டார்சல் ராஃபே என்ற நரம்புத் திரள்தான் அந்தக் குழந்தை. அலறினால் செரட்டோனினைக் கொட்டும். (செரட்டோனினை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்: இங்கே அது அச்சத்தையும் முடக்கத்தையும்தான் கொண்டுவருகிறது.) கீழ்வீட்டில் மட்டும் பாட்டி எழுந்து, “சுவிட்ச் நம்மகிட்டதான் இருக்கு, தூங்கு கண்ணு” என்று குழந்தையைத் தட்டிக்கொடுக்கிறார். நெற்றிக்குப் பின்னால், நடுவில் உள்ள மூளைப் புறணிதான் அந்தப் பாட்டி. அங்கிருந்து இறங்கும் நரம்பிழைகள் ராஃபேயை அடக்குகின்றன.

2005-இல் ஹோசே அமாட், மேயர் குழுவினர் பாட்டியைத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். முதல் எலியின் புறணிப் பகுதியை மருந்து செலுத்தி ஓயவைத்தார்கள். எலி வழக்கம்போலச் சக்கரத்தைத் திருப்பியது, ஷாக்கும் நின்றது. ஆனால் மறுநாள் அது சக்கரம் இல்லாத எலியைப் போலவே முடங்கிக் கிடந்தது. மூத்த பேரன் தூக்கக் கலக்கத்தில் போய் மோட்டாரை அணைத்துவிட்டான். குழந்தையிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. செயல் கையில் இருந்தால் மட்டும் போதாது, ‘இது என் கையில் இருக்கிறது’ என்று புறணி அறிய வேண்டும். இன்னொரு சோதனையில், சக்கரம் பயன்படாத எலியின் புறணியை மருந்தால் தூண்டியபோது அது துணிந்த எலியைப் போல நடந்துகொண்டது.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த படி. முன்பு ஒருமுறை சக்கரத்தைத் திருப்பிப் பழகிய எலிக்கு, பல நாள் கழித்துத் தப்பவே முடியாத ஷாக்கைக் கொடுத்தார்கள். அது முடங்கவில்லை. அந்தக் குடும்பம் இப்போது சுவிட்ச் இல்லாத வேறொரு மாடிவீட்டுக்குக் குடிபோய்விட்டது. ஆனாலும் சத்தம் கேட்டதும் பாட்டி பழக்கத்தில் எழுந்து குழந்தையைத் தட்டுகிறார். ஓரிடத்துப் பழக்கம் முற்றிலும் வேறோரிடத்துக்கும் போகிறது. மலையில் பெற்றது பரீட்சையிலோ ஆஸ்பத்திரி வராந்தாவிலோ உதவும் என்ற பழைய நம்பிக்கைக்கு மூளையில் ஒரு பாதை இருக்க முடியுமென்றால், அது இதுதான். வளரிளம் பருவ எலிகளுக்குக் கிடைத்த இந்தக் காப்பு, அவை வளர்ந்த பின்னும் நீடித்ததை மேயரின் குழு 2012-இல் காட்டியது.

2016-இல் மேயரும் செலிக்மனும் தங்கள் கோட்பாட்டைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் முடங்குவது கற்றுக்கொள்வதல்ல, அது மூளையின் பிறவி வழக்கம்; கற்றுக்கொள்வது ‘என்னால் ஏதோ செய்ய முடியும்’ என்பதைத்தான் என்று எழுதினார்கள். தங்களுக்குப் புகழ் தந்த கருத்தை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தாங்களே மறுத்தெழுதிய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

எலியின் வால் ஷாக் வேறு, ஆனைமலை மழை வேறு. ஒன்றை அப்படியே மற்றொன்றில் பொருத்த முடியாது. ஆனாலும் மலையேற்றத்தில் சக்கரங்கள் நிறைய. மழையை நிறுத்த முடியாது, மழைச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அட்டையை ஒழிக்க முடியாது, காலுறையை மேலே இழுத்துக் கட்டலாம், ஏறியதை உப்பு வைத்து விழச்செய்யலாம். மூச்சு வாங்கினால் நடையைக் குறைக்கலாம். ஒவ்வொரு தொல்லைக்கும் பக்கத்திலேயே ஒரு செயல், அதற்கு உடனே ஒரு பலன். விசில் ஊதி எழுப்பி, திட்டி நடக்கவைத்து, எப்போது உட்காரலாம் என்பதைக் கூடப் பயிற்சியாளரே முடிவு செய்யும் முகாமில் பையன் இரண்டாவது பெட்டி எலிதான். ஆகவே முகாம்காரர்களிடம் கேட்க வேண்டியவை: வரைபடம் யார் கையில் இருக்கும்? போதும் என்று ஒரு பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்? வனத்துறை அனுமதி இருக்கிறதா? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்டது. தீ சூழ்ந்த சரிவில் எந்தச் சக்கரமும் இல்லை. உயிராபத்தை மனப்பயிற்சி என்று விற்பதை மன்னிக்கவே முடியாது.

மனிதர்களைப் பொறுத்தவரை, ஜான் ஹாட்டியும் மூவரும் 1997-இல் 96 சாகசக் கல்வி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரிப் பலன் சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. தெளிவாக உயர்ந்தவற்றில் தன்னம்பிக்கை, முடிவெடுக்கும் திறன், ‘என் நிலை என் கையில்’ என்ற உணர்வு ஆகியவை இருந்தன. வழக்கமாகப் பயிற்சி முடிந்ததும் பலன் தேயும். இங்கே பிறகும் கொஞ்சம் கூடியது. ஆனால் சாகசப் பயிற்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களே விரும்பிப் போகிறவர்கள், அளவீடும் அவர்களே நிரப்பிய வினாத்தாள்தான். அதனால் இந்த எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். தவிர, கூடுதல் பலன் தந்தவை 20 நாளுக்கு மேல் நீண்ட பயிற்சிகள். அவற்றின் பெயரைச் சொல்லி ஐந்து நாள் முகாமை விற்பது முறையல்ல.