கும்மிடிப்பூண்டியில் அக்கவுன்டன்ட் வேலை... தொடரலாமா, விட்டுடலாமா?

மாசம் 20-ம் தேதி. ஜி.எஸ்.டி.ஆர்-3பி ஃபைல் பண்ண கடைசி நாள். போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கு. சிப்காட்ல ஒரு ஃபேக்டரியோட அக்கவுன்ட்ஸ் ரூம்ல உட்கார்ந்துகிட்டு, 'நாலு வருஷமா இதையேதானே செய்யறோம்... பேப்பர் போட்டுடலாமா?'னு யோசிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

நின்னுபோனது சம்பளமா, வேலையா? முதல்ல இதைப் பிரிச்சுப் பாருங்க. சம்பளம் மட்டும்தான்னா, கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கலைன்னா கம்பெனி மாறலாம். வேலையே நின்னுபோயிருந்தா, கம்பெனி மாறினாலும் அதே நாற்காலிதான்.

காரணம் இருக்கு. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் வந்தப்போ, 500 கோடி ரூபாய்க்கு மேல டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும்தான். 2023 ஆகஸ்ட்டில் அந்த வரம்பு 5 கோடிக்கு இறங்கிடுச்சு. சப்ளையர் போடுற பில், 2பி ஸ்டேட்மென்ட்ல தானா வந்து நிக்குது. பில்லைப் பார்த்து டாலியில என்ட்ரி போடுறது மட்டுமே உங்க வேலைன்னா, அந்த வேலை வருஷா வருஷம் சுருங்கிட்டே இருக்கு.

ஆனா, உங்ககிட்ட ஒண்ணு இருக்கு. தி.நகர் ஆடிட் ஆபீஸ்ல இருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு அது கிடைக்காது. உங்க சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி ஓடுது! கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குற ஃபர்னஸும் ரோலிங் மில்லும் நிறைய. ஒரு டன் உருக்க எத்தனை யூனிட் கரன்ட் ஆகுது, போட்ட ஸ்கிராப்ல எவ்வளவு கழிவாப் போகுது, நைட் ஷிஃப்ட்ல மட்டும் ஏன் செலவு ஏறுது... இதைச் சொல்லத் தெரிஞ்ச அக்கவுன்டன்ட்டை எந்த முதலாளியும் லேசுல விட மாட்டார். பிளான்ட் சூப்பர்வைசரோட ஒரு டீ குடிச்சு ஆரம்பிங்க. மூணு மாச கரன்ட் பில்லையும் புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு ஷீட் போட்டு மேனேஜர்கிட்ட காட்டுங்க. படிக்கணும்னா சி.எம்.ஏ இருக்கு. டிகிரி முடிச்சவங்க நேரா இன்டர்மீடியட்ல சேரலாம். ஜூன், டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை. தினமும் லோக்கல் ட்ரெயின்ல போய்வர்ற நேரம் வீணாகாது (சீட் கிடைச்சா!).

ஷீட்டைக் காட்டியும், 'உனக்கு எதுக்குப்பா இதெல்லாம், என்ட்ரியைப் போடு'ன்னுதான் பதில் வருதா? அப்போ கிளம்பலாம்.

இன்னொரு சூழ்நிலையில மூணு மாசமெல்லாம் காத்திருக்கவே வேண்டாம். சரக்கே வராம பில் மட்டும் வாங்கி, இன்புட் கிரெடிட் எடுக்கச் சொன்னா உடனே வேற வேலை தேடுங்க. தொகை பெருசானா ஜெயில் வரைக்கும் போகிற குற்றம் அது. 'முதலாளி சொன்னாரு, செஞ்சேன்'னு நீங்க தப்பிக்க முடியாது.

கிளம்புறதுன்னு முடிவு பண்ணிட்டா, ஊருக்கே கணக்குப் பார்க்கிற நீங்க உங்க கணக்கையும் ஒரு தடவை பாருங்க. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி வர ஐந்து வருஷ சர்வீஸ் வேணும். பேசிக், டி.ஏ சேர்த்து 20,000 ரூபாய்னா, அதை 26-ஆல வகுத்து, 15-ஆலயும் 5-ஆலயும் பெருக்குங்க. சுமார் 57,700 ரூபாய். நாலே கால் வருஷத்துல கோபத்துல பேப்பர் போட்டா, அந்தப் பணம் போச்சு. ஃபிக்ஸட் டேர்ம் கான்ட்ராக்ட்னா விதி வேற. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. பி.எஃப் பணத்தை எடுத்து பைக் வாங்காதீங்க. புதுக் கம்பெனிக்கு மாத்திடுங்க. மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தாதான் பின்னாடி மாசாமாசம் பென்ஷன் வரும்.

புது இடம் எங்கேன்னும் பாருங்க. வடக்கே தடா பக்கம் ஸ்ரீசிட்டி, மேற்கே தேர்வாய்கண்டிகை. ரெண்டுமே பக்கம். ஒரகடத்துல 5,000 ரூபாய் கூடக் கிடைக்குதுன்னு போய், ரூம் வாடகைக்கே 6,000 கொடுத்தா அது ப்ரமோஷன் இல்ல. திருவள்ளூர் டவுன்ல வீடு இருக்கிறவங்களுக்கு வேற கதை. அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேரடி ட்ரெயினே கிடையாது. தினமும் பஸ் மாறி அலையறவங்களுக்கு, அதே சம்பளத்துக்கு திருவள்ளூர்ப் பக்கமே வேலை கிடைச்சாலும் லாபம்தான்.

மார்ச்ல மட்டும் பேப்பர் போடாதீங்க. இயர் எண்ட் முடியற வரைக்கும் ரிலீவ் பண்ண மாட்டாங்க. புது ஆஃபர் அதுக்குள்ள கையை விட்டுப் போயிடும்.