அரிசி வரும், பருப்பு வராது

மட்டாஞ்சேரியிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை இரு வகையாகப் பார்க்கலாம். ஒரு சாரார் பல தலைமுறைகளுக்கு முன்பே வந்தவர்கள். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் என்பர். மற்றொரு சாரார் அண்மைக் காலத்தில் கட்டட வேலைக்கும் சுமை தூக்கும் வேலைக்கும் வந்தவர்கள். முன்னவரிடம் கேரள அரசின் குடும்ப அட்டை இருக்கும். பின்னவரின் அட்டை பெரும்பாலும் தமிழ்நாட்டு அட்டையாகவே இருக்கும். வாரக் கூலியில் நான்கு பேர் வயிறார உண்ண முடியுமா என்பதை இந்த அட்டை பெரிதும் முடிவு செய்கிறது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு. மிகவும் வறிய குடும்பங்களுக்கு, ஆள் கணக்குப் பாராமல், அட்டைக்கு 35 கிலோ உண்டு. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது. முன்னாளில் இதனைச் சொந்த ஊர் நியாயவிலைக் கடையில்தான் பெற இயலும். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர், தமக்குரிய அரிசியை ஊரிலேயே விட்டுவிட்டு, வந்த இடத்தில் காசு கொடுத்து அரிசி வாங்கினார். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' என்னும் திட்டம் இக்குறையைப் போக்க வந்தது. கேரளம் 2020 ஜனவரியிலும், தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரிலும் இத்திட்டத்தில் இணைந்தன. இப்போது மட்டாஞ்சேரிக் கடையில் விரல் ரேகை பதித்தால், தமிழ்நாட்டு அட்டைக்கு உரிய அரிசியைப் பெறலாம். ஊரில் இருக்கும் தாத்தாவும் பாட்டியும் தம் பங்கை அங்கே வாங்கிக்கொள்ள, இங்கே இருப்பவர்கள் தம் பங்கை இங்கே வாங்கலாம் என்பது இத்திட்டத்தின் சிறப்பு.

ஆயினும் இதில் ஒரு கண்ணி உண்டு. தமிழ்நாட்டு அட்டையின் முகப்பில் 'பி.எச்.எச்.' என்ற எழுத்துகள் இருந்தால் அது முன்னுரிமைக் குடும்பம். 'என்.பி.எச்.எச்.' என்று இருந்தால் முன்னுரிமையற்ற குடும்பம். பின்னவர்களுக்கும் தமிழ்நாட்டில் அரிசி உண்டு. ஆனால் அது மாநில அரசு தன் செலவில் தருவது. எனவே மாநில எல்லையைத் தாண்டி அது வராது. ஊரில் தடையின்றி அரிசி தந்த அட்டை கொச்சியில் மறுக்கப்படும்போது பலரும் கடைக்காரரைக் கடிந்துகொள்கின்றனர். அவர்மீது பிழை இல்லை. கடைக்குச் செல்லுமுன் அந்த எழுத்துகளையும், ஒவ்வொருவரின் ஆதார் எண்ணும் அட்டையோடு இணைந்துள்ளதா என்பதையும் வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடலாம்.

நான்கு பேர் கொண்ட முன்னுரிமைக் குடும்பத்திற்கு மாதம் 20 கிலோ கிடைக்கும். நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி சமைக்கும் வீட்டில் அது இருபது நாள்களுக்குப் போதும். எஞ்சிய பத்து நாள்களுக்கு அரிசி வாங்க வேண்டும். ஆக, அரிசிக் கவலையில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்தது. உண்மையான கவலை இனிமேல்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. இவையும் மாநிலத் திட்டங்களே, கொச்சிக்கு வாரா. கேரளத்தில் 1974இல் தொடங்கப்பெற்ற 'சப்ளைகோ' நிறுவனம், மாவேலிக் கடைகள் வழியாகப் பயறு, உளுந்து, கடலை, மிளகாய், தேங்காயெண்ணெய் முதலிய 13 பொருள்களை விலை குறைத்து விற்கிறது. அந்தக் குறைந்த விலை கேரள அட்டைக்கே உரியது. இவ்வாறு இரண்டு மாநிலங்களின் பருப்புக்கும் நடுவே நிற்கிறது, புதிதாக வந்த குடும்பம். அதன் தட்டில் சோறு இருக்கும். சோற்றோடு சேர வேண்டியதற்குத்தான் கையிலுள்ள காசு முழுவதும் வேண்டும்.

சோற்றோடு சேர்வது ஏன் அவ்வளவு முதன்மையானது? உடல் வளரப் புரதம் வேண்டும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமே உண்டு. பருப்பிலும் பயறிலும் 22 கிராம் அளவுக்கு உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயறில் அது மிகுதி. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. கேரளத்தார் கஞ்சியும் பயறும் சேர்த்து உண்பதும், தமிழர் பொங்கலில் பாசிப்பருப்பு இடுவதும் இந்த அறிவியல் பிறக்கும் முன்பே கைவந்த கணக்கு. நாளொன்றுக்குக் கால் கிலோ வீதம், வாரத்திற்கு ஒன்றே முக்கால் கிலோ பருப்பும் பயறும் வாங்கினால், ஆளுக்கு நாள்தோறும் சுமார் 14 கிராம் புரதம் அதிலிருந்து கிடைக்கும். அரிசியிலிருந்து வருவது ஏறத்தாழ 17 கிராம். வளர்ந்த ஆடவருக்கு 54 கிராமும் பெண்டிருக்கு 46 கிராமும் வேண்டும் என்பதால், இன்னும் குறை இருக்கிறது. ஒரு முட்டை 6 கிராம் தரும். அதற்கு மேல் நிரப்பக்கூடியது மீன்.

வாரக் கூலி வந்தவுடன் முதலில் பயறு வாங்குவது நல்லது என்பதற்குக் காரணம் எளிது. பயறு கெடாது; விலை ஒரே நாளில் தாவாது. துவரம்பருப்பு ஒன்றையே நம்பாமல் சிறுபயறு, கொண்டைக்கடலை, காராமணி என மாற்றி மாற்றி, அவ்வாரம் எது மலிவோ அதை வாங்கலாம். மலையாளத்தில் காராமணியை 'வன்பயர்' என்பர். கடையில் அச்சொல்லைச் சொன்னால் உடனே எடுத்துத் தருவர். இரவில் ஊற வைத்தால் காலையில் விரைவில் வேகும், எரிவாயுவும் மிஞ்சும்.

மீன் அப்படியன்று, அது கடலின் மனநிலையைப் பொறுத்தது. கொச்சியில் 'சாள' என்றும் வட கேரளத்தில் 'மத்தி' என்றும் வழங்கும் மீனுக்குத் தென் தமிழகத்தில் சாளை என்று பெயர். ஏழைகளின் மீன் என்று பெயர் பெற்ற இதன் விலை, 2024 ஜூன் மாதத்தில் கிலோ 300 ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சிறிய மத்தி பெருகி, துறையில் கிலோ 20, 30 ரூபாய்க்கு வீழ்ந்தது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவலைப் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் பொதுவாக எல்லா மீனும் விலை ஏறும். அந்த ஏழு வாரங்களில் மீனுக்குப் பதிலாக முட்டையும் பயறும் கருவாடும் கை கொடுக்கும். விலை இறங்கிய வாரத்தில் ஒரு கிலோ மத்தி வாங்கினால், தலையும் குடலும் போக மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். நால்வருக்கும் அன்றைய புரதக் குறை அதிலேயே தீர்ந்துவிடும். (இந்த மீன்களின் கணக்கை ஆராயும் நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்து வந்ததே. 1947இல் அது சென்னையில் தொடங்கப்பட்டது.)

மத்தியோடு கேரளத்தார் உண்ணும் கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வயிற்றை நிரப்புவதில் அரிசிக்கு இணை. 1942இல் பர்மா சப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் எளிய மக்களைக் காத்தது இக்கிழங்கே. ஆனால் அதில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே உண்டு. கப்பையை மட்டும் உண்டு நாளைக் கழித்தால் பசி அடங்கும், உடல் தேறாது. மீனோ பயறோ அருகில் இருந்தே ஆக வேண்டும். வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிடுவதும் கட்டாயம். கிழங்கிலுள்ள நச்சுப் பொருள் அந்நீரோடு போய்விடும்.

கீரை, முருங்கையிலை, வாழைத்தண்டு ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அறிந்தவையே. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவு உண்டு என்பதையும் வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நெடுநாள் தங்க முடிவு செய்த குடும்பம் கேரள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் தமிழ்நாட்டு அட்டையிலிருந்து தம் பெயர்களை நீக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இருத்தல் ஆகாது. மாவேலிக் கடையின் பயறு அப்போது கைக்கு வரும். ஊரில் முதியோர் இருந்தால், பழைய அட்டையில் அவர்கள் பெயர் மட்டும் நிற்கும். பெயரை நீக்குவதா, வைத்திருப்பதா என்பதை மட்டாஞ்சேரியின் பல வீடுகளில் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.