லண்டனில் விடுமுறை வாடகை வீடு: பூட்டு மட்டும் பாதுகாப்பாகாது

தென் லண்டனின் டூட்டிங் பகுதி, இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக வேரூன்றி வாழ்ந்துவரும் இடங்களில் ஒன்று. இங்கு நடைபெறும் திருமணங்களுக்கும் ஆலயத் திருவிழாக்களுக்கும் கனடா, பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் இருந்து உறவினர்கள் வருகின்றனர். செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினருக்கும் குறுகிய காலத் தங்குமிடம் தேவைப்படுகிறது. கோடை விடுமுறைக்கு வெளிநாடு செல்லும் குடும்பம் ஒன்று, பூட்டிக்கிடக்கும் தனது வீட்டை இவ்வாறானவர்களுக்கு வாடகைக்கு விட நினைப்பது இயல்பே.

ஆனால், கடன்பட்டு வாங்கிய அந்த வீடுதான் பல குடும்பங்களின் ஒரே பெரிய சொத்து. அதற்கு நேரக்கூடிய ஆபத்து உடைந்த கதவிலோ களவுபோன பொருளிலோ மட்டும் இல்லை. படிக்காமல் விட்ட ஒப்பந்தங்களிலும் இருக்கிறது.

90 இரவுகள்

லண்டனின் வீடுகள் அங்கு வாழ்வோருக்கே கிடைக்க வேண்டும் என்ற நோக்கில், 1973ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று குறுகிய கால வாடகைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2015இல் அது தளர்த்தப்பட்டது. அதன்படி, உள்ளூராட்சி வரி செலுத்தும் பொறுப்புடையவர், திட்டமிடல் அனுமதி பெறாமலேயே ஓராண்டில் மொத்தம் 90 இரவுகள் வரை வீட்டை இவ்வாறு வாடகைக்கு விடலாம்.

ஏர்பிஎன்பி நிறுவனம் 2017 முதல் முழு வீடுகளுக்கான இந்த வரம்பைத் தனது தளத்தில் தானாகவே நடைமுறைப்படுத்துகிறது. எனினும், வேறு தளங்களில் பெறும் முன்பதிவுகளும் அதே 90 இரவுகளுக்குள் அடங்கும் என்பதால், கணக்கு வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பாகிறது. வரம்பு மீறப்பட்டால், டூட்டிங் அமைந்துள்ள வான்ட்ஸ்வர்த் உள்ளூராட்சி மன்றம் நடவடிக்கை எடுக்கலாம். மன்றத்தின் அமலாக்க அறிவித்தலுக்கு இணங்கத் தவறுவது அபராதத்துக்குரிய குற்றமாகும்.

கடன், குத்தகை, காப்புறுதி

திட்டமிடல் சட்டம் அனுமதித்தாலும், வீட்டுக்கடன் வழங்கிய வங்கியின் நிபந்தனைகள் தடையாக இருக்கலாம். அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகைச் சொத்துக்கள். 'தனியார் வசிப்பிடமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும்' என்ற குத்தகை நிபந்தனை இருந்த ஒரு வீட்டைச் சில நாட்களுக்கும் வாரங்களுக்குமாகத் தொடர்ந்து வாடகைக்கு விட்டது அந்த நிபந்தனையை மீறிய செயல் என்று 2016இல் மேல் தீர்ப்பாயம் ஒன்று தீர்ப்பளித்தது.

வழக்கமான வீட்டுக் காப்புறுதி, பணம் செலுத்தித் தங்குவோரால் ஏற்படும் சேதத்தை உள்ளடக்காமல் போகலாம். காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்காத ஒருவர், தீ விபத்துக்குப் பின்னர் இழப்பீடு மறுக்கப்பட்டு, கடனை மட்டும் தொடர்ந்து செலுத்த வேண்டிய நிலைக்கு ஆளாகக்கூடும்.

அன்றாட நிர்வாகம்

இங்கிலாந்தில் 2023 அக்டோபர் முதல், கட்டண விருந்தினர் தங்கும் சிறிய இடங்களுக்கும் தீ அபாய மதிப்பீட்டை எழுத்து வடிவில் வைத்திருக்க வேண்டும். எரிவாயுச் சாதனங்களைப் பதிவுபெற்ற பொறியாளர் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். வீட்டுக்குள் கண்காணிப்புக் கேமரா வைப்பதை ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் முதல் தடை செய்துள்ளது.

எனவே, விருந்தினர் வருவதற்கு முன்னர் ஒவ்வோர் அறையையும் தேதியுடன் படமெடுத்துப் பொருட்பட்டியல் தயாரிப்பதும், கடவுச்சீட்டு, நகை, வங்கி ஆவணங்களை வெளியே அகற்றுவதும் பயன் தரும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும்போது, அருகில் வசிக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் மாற்றுச் சாவி இருப்பது அவசியம். அவருடைய தொலைபேசி எண்ணை அயலவருக்கும் கொடுத்து வைத்தால், இரவு நேரச் சத்தம் குறித்த முறைப்பாடு உள்ளூராட்சி மன்றத்தைச் சென்றடையும் முன்னரே தீர்க்கப்பட வாய்ப்புண்டு.